ஒன் கொயட் நைட்: பாட ஆளே வராத ஆல்பம்

முதல்லயே சொல்லிடறேன், இது ஸ்பா மியூசிக் இல்ல. அமெரிக்க கிட்டார் கலைஞர் பேட் மெத்தனியோட ஒன் கொயட் நைட் 2003ல வந்துச்சு, அடுத்த வருஷம் கிராமியும் வாங்குச்சு, ஆனா குடுத்தது நியூ ஏஜ் கேட்டகிரில, அதாவது மனசை அமைதிப்படுத்துற மெல்லிசை வகையில. அந்தப் பேர் ஒட்டிக்கிட்டதால யோகா, தியானம், தூக்கம்னு பேர் வச்ச பிளேலிஸ்ட்ல எல்லாம் இதை கொண்டு போய் சொருகி வச்சிருக்காங்க. மனுஷன் ஜாஸ்காரர், தூங்க வைக்கிறதுக்கு வாசிக்கல.

விஷயம் என்னன்னா, 2001 நவம்பர்ல ஒரு ராத்திரி வீட்லயே தனியா உக்காந்து மைக்கை ஆன் பண்ணிட்டு வாசிச்சதுதான் இதுல முக்கால்வாசி. டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது, மேல இன்னொரு கிட்டார் ஏத்தி ஒட்டுற வேலையும் கிடையாது. ஒரே ஒரு பாரிடோன் கிட்டார், கனடால லிண்டா மான்சர்னு கிட்டார் செய்றவங்க பண்ணிக்குடுத்தது. இது சாதாரண கிட்டாரை விட நாலஞ்சு ஸ்வரம் கீழ இருக்கும், அதோட நிக்காம நடுவுல இருக்கிற ரெண்டு கம்பிய மட்டும் ஒரு ஸ்தாயி மேல ஏத்தி சுருதி சேத்திருக்காரு. அதனால என்ன ஆகுதுன்னா கட்டை விரல் அடியில முழங்கிட்டு இருக்கும்போதே நடுவுல இருந்து சின்னதா பளிச்சுன்னு ஒரு சத்தம் வரும், ரெண்டு பேர் வாசிக்கிறாங்களோன்னு தோணும். ஹெட்போன்ல உன்னிப்பா கேட்டா விரல் கம்பி மேல நகர்ற அந்த ‘ஸ்ஸ்க்’ சத்தம் கூட கேக்கும், எடிட் பண்ணி தொடச்சு வைக்கல, அதுவும் எனக்குப் புடிச்சிருக்கு.

நம்ம ஊர்ல கிட்டார்னாலே இளைய நிலா ஆரம்பம்தான் ஞாபகம் வரும், தப்பில்ல, நானும் அதைக் கேட்டுத்தான் வளந்தேன். ஆனா அது பாட்டுக்கு வாசல்ல நின்னு கூப்பிடுற கிட்டார், அடுத்து குரல் வந்துரும். இங்க குரல் வரவே வராது. எனக்கு இது ஞாபகப்படுத்துனது மார்கழில ஏதாவது சின்ன சபால, கூட்டமே இல்லாத மத்தியான கச்சேரில, வீணைக்காரங்க ஆலாபனைய மந்த்ர ஸ்தாயில, அதாவது கீழ் ஸ்தாயில ஆரம்பிச்சு மேல போக அவசரமே படாம அங்கயே சுத்திட்டு இருப்பாங்களே, அதைத்தான். சோகத்தை எடுத்து கையில குடுக்கிற இசை இல்ல இது. வயலின் கூட்டமா அழுது நம்மளயும் அழ வைக்கிற வேலை எதுவும் நடக்கல. ஒரு வரி வாசிக்கிறாரு, விடுறாரு, அந்த கார்வை முழுசா அடங்குற வரைக்கும் காத்திருக்காரு, அந்த இடைவெளில நம்மகிட்ட ஏற்கனவே என்ன இருக்கோ அது மேல வந்துருது. இந்த ஆல்பத்தோட பலமே அங்கதான் இருக்குன்னு நினைக்கிறேன்.

அண்ணன் குடும்பத்தோட டொரண்டோ கிளம்பிப் போன வாரம், வீட்ல ரெண்டு பசங்க சத்தம் இல்லாம ஒரு மாதிரி இருந்துச்சு, அம்மா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ஹால்ல ஸ்பீக்கர்ல இதைப் போட்டுட்டு இருந்தேன், அம்மா கீழ உக்காந்து அவரைக்காய் நார் உரிச்சிட்டு இருந்தாங்க. மூணு டிராக் போயிருக்கும், “ஏன்டா, பாடுறதுக்கு ஆள் எப்பதான் வருவாங்க?”ன்னாங்க. “வர மாட்டாங்கம்மா, கடைசி வரைக்கும் இவ்ளோதான்”னேன். “அதுவும் நல்லதுதான்”னுட்டு வேலையப் பாத்தாங்க. அப்புறம் மை சாங் வந்துச்சு, பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டோட மெட்டு அது, ஒரிஜினல்ல பியானோவும் சாக்ஸபோனும் இருக்கும், இங்க கிட்டார்ல அப்படியே தரையில இறங்கி நடக்குது. அது ஓடிட்டு இருக்கும்போதே அம்மா திடீர்னு “சின்னவனுக்கு அங்க ரசஞ்சோறு கிடைக்குமாடா, பன்னு மட்டும்தான் தின்னுட்டு இருக்கானோ என்னவோ”ன்னு ஆரம்பிச்சு, ஒரு மணி நேரம் அந்தப் பசங்களப் பத்தியே பேசிட்டு இருந்தாங்க. நான் எதுவும் கேக்கல.

சரி, குறைக்கு வருவோம். நார்த் டு சவுத், ஈஸ்ட் டு வெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, 12 நிமிஷம் கிட்ட ஓடும், மனுஷன் எங்க போறாருன்னு அவருக்கே தெரியாம தேடிட்டு இருக்கிற மாதிரி இருக்கும். தேடுறதும் அழகுதான்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு பொறுமை இல்ல, ஸ்கிப். டோன்ட் நோ வை நோரா ஜோன்ஸ் பாடி எல்லா காபி ஷாப்லயும் தேஞ்சு போன பாட்டு, இவரும் பெருசா எதுவும் சேக்கல, கேக்க இதமா இருக்கு, அவ்ளோதான். மொத்தமா 12 டிராக், எல்லாமே ஏறக்குறைய ஒரே வேகம், அதனால சாவகாசமா இல்லாதப்ப போட்டா எரிச்சல்தான் வரும்.

கடைசி டிராக் லாஸ்ட் டிரெயின் ஹோம். இது 1987லயே அவரோட குரூப்போட ஸ்டில் லைஃப் டாக்கிங் ஆல்பத்துல வந்தது, அதுல டிரம்ஸ்ல பிரஷ் வச்சு ‘சுக்குசுக்கு’ன்னு ரயில் ஓடுற தாளம் விடாம போகும், மேல எலக்ட்ரிக் சிதார் மெயின் மெட்டை வாசிக்கும். இங்க ரெண்டுமே இல்ல. அதே மெட்டை தனியா ஒரு கிட்டார்ல கேக்கறப்போ, அது ஊருக்குத் திரும்புற சந்தோஷமா இல்ல ஊரை விட்டுப் போற வலியான்னு எனக்கு இன்னும் பிடிபடல. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு சென்னை ஓஎம்ஆர் ரோட்ல கேப்ல வரும்போது இதைக் கேட்டு, சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டினது கூட தெரியாம உக்காந்திருக்கேன்.

எப்படி கேக்கணும்னா, தயவு செஞ்சு போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, அந்த அடி கம்பி சத்தமே வராது, மிச்சம் வர்றது வெறும் டிங் டிங். ரிச்சி ஸ்ட்ரீட்ல சுமாரான வயர் ஹெட்போன் ஒண்ணு வாங்குனா கூட போதும், பேஸ் பூஸ்ட் மட்டும் ஆஃப் பண்ணிடுங்க. பகல்ல இந்த ஊர்ல வாய்ப்பே இல்ல, ஒரு பக்கம் ஹாரன், இன்னொரு பக்கம் அபார்ட்மெண்ட் மோட்டார், நடுவுல கேஸ்காரர் சிலிண்டர் மேல தட்டிட்டுப் போவாரு. ராத்திரி 11க்கு மேல, ஃபேனை கூட ஒண்ணுல வச்சுட்டு கேளுங்க.

இது புடிச்சுதுன்னா 2011ல வந்த வாட்ஸ் இட் ஆல் அபவுட் இருக்கு, அதுவும் தனி கிட்டார்தான், முழுக்க மத்தவங்க பாட்டு. அதுல சவுண்ட் ஆஃப் சைலன்ஸை இதே லிண்டா மான்சர் செஞ்ச 42 கம்பி பிகாசோ கிட்டார்ல வாசிச்சிருப்பாரு, கேக்க பிரமிப்பா இருக்கும். ஆனா கொஞ்சம் சிங்காரிச்ச ஆல்பம் அது. எதை முதல்ல கேக்கறதுன்னு கேட்டா இதைத்தான் சொல்வேன், அதுலயும் மை சாங்ல ஆரம்பிங்க.