வெளிமாநிலத்தில் ஆர்.என். படிப்பு: 38 மோட்டல் இரவுகளுக்குப் பிறகு எழுதுகிறேன்

அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட் நகரத்து நர்சிங் ஹோம் ஒன்றில் ஏழு ஆண்டுகள் எல்.பி.என். ஆக வேலை பார்த்தேன். (ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. இங்கே அது முதியவர்கள் தங்கியிருக்கும் இடம். அம்மாவுக்கு இதை இன்னும் புரியவைக்க முடியவில்லை.) எல்.பி.என்., அதாவது லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ், ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பு. மாத்திரை, இன்சுலின், புண்ணுக்குக் கட்டு எல்லாம் நம் கையில். ஆனால் புதிதாக வருபவரை முழுமையாக மதிப்பிட்டுப் பராமரிப்புத் திட்டம் வகுப்பது அதற்கு மேல்படியான ஆர்.என்., அதாவது ரிஜிஸ்டர்டு நர்ஸின் வேலை. சம்பள வித்தியாசமும் அங்கேதான்.

உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் இரண்டு முறை விண்ணப்பித்தும் இடம் கிடைக்கவில்லை. வெளிமாநிலக் கல்லூரிகளைத் தேட ஆரம்பித்தேன். எங்கு பார்த்தாலும் "முழுவதும் ஆன்லைன்". பாடம் மட்டும்தான் ஆன்லைன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு செய்யும் க்ளினிக்கல் பயிற்சியை யாரும் வீட்டு சோபாவில் உட்கார்ந்து முடித்ததில்லை.

நான் செய்யவிருந்த பெரிய தவறு ஒன்று. வட கரோலினாவும் ஜார்ஜியாவும் நர்ஸ் லைசென்ஸ் கூட்டொப்பந்தத்தில் இருக்கின்றன. அதனால் ஜார்ஜியாவில் எங்கே படித்தாலும் இங்கே செல்லும் என்று நினைத்துவிட்டேன். அந்த ஒப்பந்தம் லைசென்ஸ் வாங்கியவர் வேறு மாநிலத்தில் வேலை செய்வதற்கு உரியது. படிப்பு தகுதியானதா என்பதை லைசென்ஸ் தரும் மாநில நர்சிங் போர்டுதான் முடிவு செய்யும். என்னோடு வார இறுதி ஷிப்டில் இருந்த கேரளத்துச் சேச்சிதான் பிடித்து நிறுத்தினார். "கல்லூரியில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆம் என்றுதான் சொல்வார்கள். போர்டுக்கு எழுதிக் கேள். பதிலை அச்செடுத்து வை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியூயார்க்கின் எக்செல்சியர், எல்.பி.என்.கள் நெடுங்காலமாக நாடிய தொலைநிலைக் கல்லூரி. ஆனால் 2003 டிசம்பர் 6 முதல் அங்கே சேர்ந்தவர்களின் படிப்பைக் கலிஃபோர்னியா போர்டு அப்படியே ஏற்பதில்லை. பாடத்தோடு சேர்ந்தே மேற்பார்வையில் க்ளினிக்கல் நடந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கல்லூரி போலியல்ல, அங்கீகாரமும் உண்டு. இருந்தும் ஒரு மாநிலத்தில் கதவு திறக்கவில்லை. 2020 ஜூலையிலிருந்து, தங்கள் படிப்பு எந்தெந்த மாநில லைசென்ஸுக்குப் பொருந்தும் என்பதைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று மத்திய அரசு விதி இருக்கிறது. அந்தப் பக்கம் கல்லூரித் தளத்தின் அடியில் எங்கோ புதைந்திருக்கும். தேடிப் படியுங்கள். "தீர்மானிக்கப்படவில்லை" என்று உங்கள் மாநிலத்துக்கு எதிரே இருந்தால் பணம் கட்டாதீர்கள்.

எங்கள் போர்டுக்கு எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு, கடைசியில் சேர்ந்தது ஜார்ஜியாவில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். உடற்கூறியல், நுண்ணுயிரியல் எல்லாம் உள்ளூர்க் கல்லூரியில் முடித்துக்கொண்டு போனேன், அதுவே மலிவு. பழைய நுண்ணுயிரியல் மதிப்பெண் காலாவதியாகிவிட்டதால் மறுபடி எழுத வேண்டியிருந்தது. இதை முன்கூட்டியே கேட்டிருந்தால் ஒரு பருவம் மிஞ்சியிருக்கும்.

2023 ஜனவரியில் வகுப்பு தொடங்கிய அதே மாதம், ஃபுளோரிடாவில் மூன்று பள்ளிகள் வழியாக 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்ட செய்தி வெடித்தது. "உன்னுடையது நிஜக் கல்லூரிதானே?" என்று மாமியார் போன் செய்தார். சிரித்தேன். வைத்தபின் போர்டின் மின்னஞ்சலை இன்னொரு முறை படித்தேன்.

இனி குறைகள். சேரும்போது "உங்கள் வீட்டருகிலேயே க்ளினிக்கல் ஏற்பாடு செய்வோம்" என்றார்கள். ஒரு நாள்கூட நடக்கவில்லை. வேறு மாநில ஆஸ்பத்திரியில் மாணவர்களை இறக்க ஆஸ்பத்திரியோடு தனி ஒப்பந்தம் வேண்டும், அந்த மாநில போர்டின் சம்மதமும் தேவைப்படலாம். அது கல்லூரிக்குத் தெரியாததல்ல. ஆகவே வெள்ளி இரவு ஷிப்ட் முடித்து ஐ-85 நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம். வழியில் காஃப்னி என்ற ஊரில் பீச் பழ வடிவத்தில் ஒரு ராட்சதத் தண்ணீர்த் தொட்டி நிற்கும். அது வந்தால் தூக்கம் கலைந்துவிட்டது என்று அர்த்தம். கட்டணத்தைக் கணக்குப் போட்ட நான் மோட்டலையும் பெட்ரோலையும் போடவே இல்லை. சனிக்கிழமை அட்டவணை வியாழன் மாலைதான் வரும். அதற்காக மாற்றிக்கொண்ட ஷிப்டுகளால் இரண்டு தோழிகளை இழந்தேன்.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். பயிற்சிக்கூட ஆசிரியை அற்புதமானவர். முதல் மாதம் சிறுநீர்க் குழாய் பொருத்தும் தேர்வில் தோற்றேன். ஏழு ஆண்டுகளாகச் செய்த வேலை! கிருமிநீக்கிய கையுறையோடு பழக்கதோஷத்தில் பொம்மையின் போர்வையைச் சரிசெய்துவிட்டேன். "கை அசுத்தமாகிவிட்டது" என்று மட்டும் சொன்னார். வேகம் அனுபவத்திலிருந்து வந்தது, அசட்டையும் அதே இடத்திலிருந்து வந்திருந்தது.

இன்னொரு நாள் பொம்மை நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. நான் அளந்தேன், எழுதினேன், கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"யாரைத் தேடுகிறீர்கள்?" என்றார் ஆசிரியை.

"ஆர்.என்.ஐ."

அறை முழுவதும் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. "திரையில் பாருங்கள், 82. இப்போது என்ன செய்வீர்கள்?" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்விலும் என்னைத் தடுமாறவைத்தது அதுதான். யாரிடம் தெரிவிப்பது என்று தேடும் கை, முதலில் எதைச் செய்வது என்று தேடப் பழக வேண்டியிருந்தது. கட்டணம் 200 டாலர், அதிகபட்சம் ஐந்து மணி நேரம், 85 முதல் 150 கேள்விகள். எனக்கு 112-ஆவது கேள்வியோடு தேர்வு முடிந்தது. விண்ணப்பத்தைக் கல்லூரி இருக்கும் மாநிலத்தில் போடாமல், குடியிருக்கும் மாநிலத்தில் போட்டேன். பல மாநில லைசென்ஸ் அப்படித்தான் கிடைக்கும்.

இப்போது ஆஸ்பத்திரியில் ஆர்.என். ஆக ஓராண்டு ஓடிவிட்டது. மறுபடி இதையே செய்வேனா? உள்ளூரில் இடம் கிடைத்தால் மாட்டேன். கிடைக்காவிட்டால் செய்வேன். கைக்குழந்தை இருப்பவர்களுக்கும், வார இறுதி விடுப்பு தராத இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

போன வாரம் எங்கள் தளத்து எல்.பி.என். பெண் ஒருத்தி அதே கல்லூரியைப் பற்றி விசாரித்தாள். போர்டின் மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுத்தேன். மோட்டல் பெயரையும் சொன்னேன், ஐஸ் இயந்திரத்துக்குப் பக்கத்து அறை மட்டும் வேண்டாம் என்று.