தொடராக எழுதுவதா, முழுதாக முடித்துவிட்டுப் புத்தகமாக்குவதா?

நண்பரின் மகன் நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறான். கரு கிடைத்து, நான்கு அத்தியாயங்களும் ஆகிவிட்டன. இணைய இதழ் ஒன்று பொங்கலிலிருந்து வாரத் தொடராகப் போடத் தயாராக இருக்கிறதாம். "ஒப்புக்கொள்ளட்டுமா மாமா, இல்லை முழுக்க எழுதி முடித்துவிட்டு நேரே பதிப்பகத்துக்குப் போகட்டுமா?" என்று கேட்டான்.

நான் இரண்டையும் செய்து பார்த்தவன். என் முதல் நாவல் 28 வாரம் தொடராக வந்து, பிறகு புத்தகமானது. இரண்டாவதை மூன்றேகால் ஆண்டுகள் வெளியே மூச்சுவிடாமல் எழுதினேன். என் சாய்வு இரண்டாவது வழியின் பக்கம். அதை மறைத்துக்கொண்டு நடுநிலையாளர் வேடம் போடுவதில் எனக்கு விருப்பமில்லை.

பணத்தைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. தொடருக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. புத்தகத்துக்கு விலையில் பத்து சதவீதம். 200 ரூபாய் விலை, 300 பிரதி, அத்தனையும் விற்றால் 6,000 ரூபாய். இரண்டாவது நாவல் தடிமன் என்பதால் விலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

ஒழுங்கு என்று பார்த்தால் தொடருக்கே முழு மதிப்பெண். அந்த முதல் கரு ஒன்பது வருடம் டைரியில் நாலு வரியாகக் கிடந்தது. செவ்வாய் இரவுக்குள் 1,200 சொற்கள் அனுப்பியாக வேண்டும் என்று ஒருவர் கழுத்தில் கத்தி வைத்த பிறகுதான் நகர்ந்தது. பதினோராவது அத்தியாயத்தை 102 டிகிரி காய்ச்சலோடு எழுதினேன். இன்று எடுத்துப் படித்தாலும் அந்த அத்தியாயத்தில் எல்லோருக்கும் தாகம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் நாவல் முடிந்தது. தொடர் மட்டும் கிடைத்திராவிட்டால் அந்த நாலு வரி நாலு வரியாகவே இருந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வாசகர் கடிதங்கள் இன்னொரு லாபம். என் பார்வையில் வழக்கு திசை மாறியதும் இங்கேதான்.

நாவல் 1950களில் புதுக்கோட்டைப் பக்கத்து ஒரு கண்மாயைச் சுற்றி நடக்கிறது. ஆறாவது அத்தியாயத்தில் ஊர்க் கணக்குப்பிள்ளை, பகை தீர்க்க, இரவோடு இரவாக மடையைத் திறந்துவிடுகிறார். ஊரே கூத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் நைசாக எழுந்து போய், கரையில் நின்று திருகைச் சுற்றிவிட்டு, ஒரு பாட்டு முடிவதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறார். நெற்றித் திருநீறுகூடக் கலையவில்லை. அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பதினான்காம் அத்தியாயத்தில் ஒரு பாட்டி, "திருநீறு கலையாமல் என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தார்" என்று பஞ்சாயத்தில் சாட்சி சொல்வதாகவும் திட்டம்.

அத்தியாயம் வெளியான மூன்றாம் நாள், பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு வாசகர் எழுதினார். அந்தப் பக்கத்துப் பழைய கண்மாய்களில் இருப்பது குமிழித்தூம்பு. கரையிலிருந்து திருக அதில் ஒன்றுமில்லை. கண்மாய்க்கு உள்ளே, தண்ணீரில் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்குக் கீழே கல்தொட்டி. மேலே இருப்பது நீரோடித் துளை, அடியில் இருப்பது சேறோடித் துளை. ஒருவர் நீந்திப் போய், மூழ்கி, அடைப்பைத் தூக்கினால்தான் கரைக்கு அடியில் போகும் சுருங்கை வழியாகத் தண்ணீர் வெளியேறும். அதற்கென்றே ஊரில் ஆள் இருப்பார், மடைக்குடும்பர் என்பார்கள். "உங்கள் கணக்குப்பிள்ளை நனையாமல் எப்படித் திறந்தார்?" என்று முடித்திருந்தார்.

பொன்னான கடிதம். ஆனால் ஆறாவது அத்தியாயம் வெளியாகிவிட்டது, ஏழாவது இதழுக்குப் போய்விட்டது, எட்டாவதைச் செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். என்ன செய்வது? எட்டாவதில் ஒரு பாத்திரத்தின் வாயால், "அரசாங்கம் ஐந்து வருடத்துக்கு முன்னால் கட்டிய புது மடை" என்று சொல்ல வைத்துத் தப்பித்தேன். இரண்டாவது அத்தியாயத்தில் "நாற்பது வருடமாக இந்தக் கண்மாயில் ஒருவரும் ஒரு கல்லைக்கூடப் புரட்டிப் போடவில்லை" என்று நானே எழுதியிருந்தது அப்போது நினைவுக்கு வரவில்லை. வாசகர்களுக்கு வந்தது.

இணையம்தானே, பழைய அத்தியாயத்தைத் திருத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். திருத்தலாம். படித்துவிட்டுப் போனவர்களின் தலைக்குள் இருக்கும் அத்தியாயத்தை என்ன செய்வது?

இது எனக்கு மட்டும் வந்த நோயல்ல. 1849 மே முதல் 1850 நவம்பர் வரை மாதப் பகுதிகளாக வந்த டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில் மிஸ் மௌச்சர் என்று ஒரு குள்ளமான பெண் வருகிறாள். முதலில் வரும்போது அவ்வளவு நல்லவளாகத் தெரியவில்லை. அச்சில் பார்த்த ஒரு பெண்மணி, இது என்னைப் பார்த்து எழுதியது என்று மனம் நொந்து முறையிட, டிக்கன்ஸ் பின்னால் வந்த பகுதியில் அவளை நல்லவளாக்கிவிட்டார். முந்தைய பகுதி விற்றுப் போயிருந்தது. திரும்பிப் போய் மாற்ற வழியில்லை. இத்தனைக்கும் அவர் ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் ஒரு தாள் எடுத்து, இடப்பக்கம் யோசனைகள், வலப்பக்கம் அத்தியாய விவரம் என்று குறித்து வைத்துக்கொண்டு எழுதியவர். என்னிடம் இருந்தது செவ்வாய்க்கிழமை மட்டும்.

சரி, பிழையைப் புத்தகத்தில் திருத்திக்கொள்ளலாம் என்றிருந்தேன். திருத்த உட்கார்ந்தபோதுதான் நஷ்டத்தின் அளவு தெரிந்தது. குமிழித்தூம்பைக் கொண்டுவந்தால் கணக்குப்பிள்ளை நனைய வேண்டும். நனைந்தால் திருநீறு போய்விடும், பாட்டியின் சாட்சி போய்விடும், அதன் மேல் நிற்கும் பன்னிரண்டு அத்தியாயங்களும் ஆட்டம் காணும். அவர் நனையக் கூடாது என்றால் மூழ்கத் தெரிந்த ஒருவரை அனுப்ப வேண்டும். அப்படி மடைக்காரர் ஒருவரை உள்ளே கொண்டுவந்து மூன்று பக்கம் எழுதினேன். எழுதும்போதே கை நடுங்கியது. காலமெல்லாம் ஊருக்காக மூழ்கி மடை திறந்த ஒருவர், ஓர் இரவு யாரோ சொன்னதற்காக அதே மடையைத் திறந்து ஊரைக் கெடுக்கிறார். நாவல் அவருடையதல்லவா? கணக்குப்பிள்ளைக்கு 28 அத்தியாயங்களைக் கொடுத்துவிட்டு, அவருக்கு மூன்று பக்கம் கொடுத்திருக்கிறேன். பதிப்பகம் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவர வேண்டும் என்று நவம்பரிலேயே கோப்பைக் கேட்டது. மூன்று பக்கத்தோடு அப்படியே போய்விட்டது.

நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். முந்தைய அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போய்த் திருத்தும் வசதி பிழை களைவதற்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நாவல் யாரைப் பற்றியது என்று பாதி எழுதிய பிறகே தெரிகிறது, எனக்காவது அப்படித்தான். தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போக முடியவில்லை என்றால், தெரிந்து என்ன பயன்?

இரண்டாவது நாவலில் அது முடிந்தது. ஒரு சிற்றூர் போட்டோ ஸ்டூடியோவை நடத்திய அண்ணன் தம்பிகளின் கதை. முதல் வரைவுக்குப் பதினாலு மாதம். முடித்ததும் நான்கு மாதம் மேசை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். பிறகு தாளில் அச்செடுத்து, பென்சிலோடு படித்தேன். இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் பெரியண்ணி, போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்கிறாள். குடும்பத்தில் வேறு யாரும் கேட்காத கேள்வி. தாளின் ஓரத்தில் "இவள் அதுவரை எங்கே இருந்தாள்?" என்று எழுதினேன். அடுத்த வரைவு முழுக்க அவளைத் தேடிய வேலைதான். முதல் அத்தியாயத்தில், ஸ்டூடியோ திறப்பு விழாவில், இரண்டு வரி சேர்த்தேன்: "கறுப்புத் திரையைத் தைத்துக் கொடுத்தது பெரியண்ணி. கூலி அவளும் கேட்கவில்லை, ஒருவரும் கொடுக்கவும் இல்லை." அந்த இரண்டு வரி போனதும் பின்னால் நாற்பது பக்கம் தேவையற்றுப் போனது. வெட்டினேன். தொடராக இருந்திருந்தால் அந்த நாற்பது பக்கமும் எட்டு வாரமாக ஊருக்குப் போயிருக்கும்.

இந்த வழியின் செலவையும் சொல்லிவிடுகிறேன். மூன்றேகால் வருடத்தில் என்னிடம் நாவலைப் பற்றிக் கேட்டவர் என் மனைவி ஒருவர்தான், அவரும் "இன்னுமா?" என்றுதான் கேட்டார். இரண்டு முறை கைவிட்டேன். குமிழித்தூம்பைச் சொல்லித்தரும் வாசகர் இங்கே தானாக வர மாட்டார். வரைவைப் படிக்க இரண்டு பேரை நானே தேடிப் பிடித்தேன். ஒருவர் ஆறு மாதம் கழித்து "நன்றாக இருக்கிறது" என்றார்.

புத்தகமாக்கும் கட்டத்திலும் வித்தியாசம் உண்டு. தொடரை அடுக்கிக் கொடுத்தால் புத்தகம் ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். மொத்தம் 33,600 சொற்கள், 160 பக்கம், அச்சகக் கணக்கில் பதினாறு பக்கத்துக்கு ஒன்றாகப் பத்து ஃபாரம். கணக்கு சரியாக வந்தது, படிக்கத்தான் முடியவில்லை. வாரா வாரம் ஆவலைத் தூண்டிய முடிவுகளை ஒரே மூச்சில் படித்தால் எரிச்சல் வருகிறது. எண்ணிப் பார்த்தேன், ஏழு அத்தியாயங்கள் யாரோ கதவைத் தட்டுவதோடு முடிகின்றன. "போன வாரம் பார்த்தபடி" என்பதை நாசூக்காகச் சொல்லும் பத்திகள் வேறு. அவற்றை உருவி எடுப்பது முள் எடுக்கிற வேலை. இரண்டாவது நாவலில் மெய்ப்புத் திருத்துவதைத் தவிர எனக்குப் பெரிய வேலை இருக்கவில்லை.

எதிர்த்தரப்பில் பெரிய சாட்சி இருக்கிறது, தெரியும். 1950 முதல் 1954 வரை, மூன்றரை ஆண்டு, ‘பொன்னியின் செல்வன்’ வாரா வாரம்தான் வந்தது. கதை எவ்வளவு நீண்டாலும் இடம் கொடுக்கச் சொந்தப் பத்திரிகை இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் எனக்குப் பத்திரிகை இருந்திருந்தாலும் கல்கி ஆகியிருக்க மாட்டேன். துப்பறியும் கதை எழுதுகிறவர்கள், சன்மானம் வாங்கி அச்சிதழில் தொடர் எழுதியவர்கள், பிரதிலிபி மாதிரியான செயலிகளில் தினமும் எழுதுகிறவர்கள் ஆகியோரின் அனுபவம் வேறாக இருக்கலாம். அந்தப் பக்கம் நான் போனதில்லை. ஒரே இணைய இதழ், ஒரே தொடர், அதை வைத்துத்தான் இவ்வளவும் பேசுகிறேன்.

முழுக்க எழுதிவிட்டுத் தொடராக வெளியிடலாமே என்று கேட்டால், அது உத்தமம். இதழ்கள்தான் அதுவரை காத்திருப்பதில்லை.

பையனிடம் நான்கு அத்தியாயங்களையும் அனுப்பச் சொல்லிப் படித்தேன். மூன்றாவதில் ஒரு கிழவி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். கதாநாயகன் தெருவில் போகும்போது தலைநிமிர்ந்து பார்க்கிறாள், மறுபடி கீரைக்குத் திரும்பிவிடுகிறாள். பெயர்கூட இல்லை. யார் இவள் என்று கேட்டேன்.

"சும்மா மாமா, காட்சிக்காக" என்றான்.

இதழுக்கு இன்னும் பதில் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.