ஏழு வருடமாக ஆக்சஸில் பில் போடுகிறோம்

திருப்பூரில் எங்களுடையது சின்ன அட்டைப் பெட்டி யூனிட். பனியன் கம்பெனிகளுக்கு 5 ப்ளை, 7 ப்ளை (ஐந்து, ஏழு அடுக்கு) பெட்டி செய்து கொடுக்கிறோம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து லோடு போகும். ஒவ்வொரு லோடோடும் பில் போயாக வேண்டும்.

2018 கடைசி வரைக்கும் எக்செல்தான். போன பில்லைத் திறந்து, பேரை மாற்றி, வேறு பேரில் சேவ் பண்ணுவோம். பேரை மாற்றிவிட்டு ஜிஎஸ்டி எண்ணை மாற்ற மறப்பது மாதம் ஒரு தடவையாவது நடக்கும். அப்படி மறந்த ஒரு பில்லுக்கு ஒரு கம்பெனி நான்கு மாதம் வரிப் பணத்தை நிறுத்தி வைத்தது. அந்த வரி அவர்களுடைய 2ஏ-வில் (வாங்கினவர் கணக்கில் தெரியும் ஜிஎஸ்டி பட்டியல்) வரவே இல்லை, வேறொருவர் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. அவர்கள் நிறுத்தியது நியாயம்தான். அந்த வாரமே எக்செல்லை விடுவது என்று முடிவு பண்ணினேன்.

கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலி ஏன் போதாது என்று எல்லோரும் கேட்பார்கள். டேலி எங்களிடமும் இருக்கிறது, ஆடிட்டருக்கு அதில்தான் கணக்கு போகிறது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது பில்லுக்கு முந்தைய சங்கதி. எந்த பிஓ-வில் (கம்பெனி தரும் ஆர்டர் சீட்டு) எத்தனை பெட்டி பாக்கி, எந்த அளவுப் பெட்டிக்கு எந்தத் தேதியிலிருந்து என்ன ரேட் பேசினோம், பேப்பர் விலை ஏறினபோது யார் யார் புது ரேட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள், இதெல்லாம். ஆபிஸ் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான ஆக்சஸ் ஏற்கெனவே இருந்தது. ஆராய்ச்சி ஒன்றும் பண்ணவில்லை, கையில் இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

2019 ஜனவரியில் முதல் பில் வந்தது. கம்பெனிகளுக்கு ஒரு டேபிள் (தகவல் அட்டவணை), பெட்டிகளுக்கு ஒன்று, பிஓ-வுக்கு ஒன்று, ரேட்டுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, பில்லில் வரும் வரிசைகளுக்கு ஒன்று. பில் போடும் அக்கா கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் பாக்கி இருக்கும் பிஓ மட்டும் வரும்; எண்ணிக்கையை அடித்தால் மீதி தானாக வரும். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டின் 33 என்றால் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரியும். பெங்களூரு பார்ட்டியின் 29 என்றால் வெளிமாநில விற்பனைக்கான ஒரே வரி, ஐஜிஎஸ்டி. அந்த எண்ணின் பதினைந்தாவது எழுத்து முந்தைய பதினான்கையும் சரிபார்ப்பதற்கென்றே இருக்கிறது. அந்தக் கணக்கையும் எழுதி வைத்தேன். ஒரு எழுத்து தப்பாக அடித்தாலும் ஃபார்ம் சேவ் ஆகாது. பிரிண்ட் பட்டனை அழுத்தினால் ஒரிஜினல், டூப்ளிகேட், ட்ரிப்ளிகேட் மூன்றும் வரும், பிடிஎஃப் ஒன்று தனியாக ஃபோல்டரில் விழும். முன்பு சாயங்காலம் இரண்டு மணி நேரம் எடுத்த வேலை, இப்போது லோடு ஏற்றி முடிப்பதற்குள் முடிகிறது.

முதலில் அடி வாங்கியது பில் நம்பரில். ஆக்சஸில் ஆட்டோநம்பர் என்று ஒன்று உண்டு. தானாக எண் போடுகிறதே என்று பில் நம்பருக்கே அதை வைத்துவிட்டேன். அக்கா ஒரு பில்லை ஆரம்பித்து, வேண்டாம் என்று எஸ்கேப் அழுத்தினால் அந்த எண் போனது போனதுதான். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர்ச்சியாக வர வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. மார்ச் முடிந்து ஆடிட்டர் கேட்டார்: "நடுவுல ஏழு பில்லு எங்க தம்பி?" ஆட்டோநம்பர் டேபிளின் உள்வேலைக்கு உண்டானது, பில்லில் அச்சடிப்பதற்கு உண்டானதே இல்லை. அதற்கப்புறம் கடைசி எண்ணோடு ஒன்று கூட்டும்படி மாற்றினேன். இரண்டாவது கம்ப்யூட்டர் வந்ததும் இரண்டு பேரும் ஒரே நிமிடத்தில் ஒரே எண்ணை எடுத்தார்கள். இப்போது எண் விழுவது பிரிண்ட் அழுத்தும் அந்த நொடியில்தான். அதோடு, ஒரே எண் இரண்டு தடவை வந்தால் டேபிளே மறுத்துவிடும்.

பெரிய தப்பு வேறு. வரி விகிதத்தைப் பெட்டி டேபிளில் வைத்திருந்தேன். பில் அச்சாகும்போது அங்கிருந்து எடுத்துப் பெருக்கிக்கொள்ளும். 2021 அக்டோபர் 1-ஆம் தேதி அட்டைப் பெட்டிக்கு வரி 12-லிருந்து 18 ஆனது. காலையில் 12-ஐ அழித்து 18 என்று அடித்தேன், பில் எல்லாம் சரியாக வந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு கம்பெனி ஆகஸ்ட் பில்லுக்கு நகல் கேட்டது. எடுத்து அனுப்பினேன். அவர்கள் அக்கவுண்டன்ட் போன் பண்ணினார்: "அண்ணா, ஒரே பில்லு ரெண்டு மாதிரி இருக்குதுங்களே." அவர்கள் கையில் இருந்த ஒரிஜினலில் 12 சதவீதம், நான் அனுப்பிய நகலில் 18. ஒரே எண், ஒரே தேதி, இரண்டு தொகை.

அன்று ராத்திரி பழைய பில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வரி மட்டும் இல்லை, முகவரி மாறிய கம்பெனிகளின் பழைய பில்களிலும் புது முகவரிதான் வந்துகொண்டிருந்தது. ஒரு தகவலை இரண்டு இடத்தில் வைக்காதே என்று டேட்டாபேஸ் படிக்கும்போது சொல்லிக்கொடுப்பார்கள், நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். ஆனால் பெட்டிக்கு இன்றைக்கு உள்ள வரியும் அன்றைக்கு நாம் வாங்கிய வரியும் இரண்டு வேறு தகவல். விகிதம், எச்எஸ்என் (சரக்கின் வகை எண்), பேர், முகவரி, ஜிஎஸ்டி எண் எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதி வைக்கும்படி இரண்டு ராத்திரி உட்கார்ந்து மாற்றினேன். வரியைச் சரி பண்ணுவது சுலபம், அக்டோபர் 1-க்கு முந்தையது எல்லாம் 12 என்று ஒரே குவெரியில் (டேட்டாபேஸுக்குத் தரும் கட்டளை) போய்விட்டது. முகவரி மாறிய பதினோரு பேருக்கு ஃபைலில் இருந்த காகித நகலைப் பார்த்துத்தான் அடித்தோம். ஃபைல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அதன்பிறகு வரி இரண்டு தடவை மாறியது. 2024 ஜூலை 15-இல் 18-லிருந்து திரும்ப 12, 2025 செப்டம்பர் 22-இல் 12-லிருந்து 5. வரிக்கென்று தனி டேபிள், அதில் 'எந்தத் தேதி முதல்' என்று ஒரு நெடுவரிசை. முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு வரிசை சேர்த்ததோடு என் வேலை முடிந்தது. செப்டம்பர் முதல் வாரம் போன 400 பெட்டி பிரிண்ட் தப்பு என்று அக்டோபரில் திரும்பி வந்தது. பழைய பில் எண்ணைத் தேர்ந்தெடுத்ததும் கிரெடிட் நோட் (திரும்பி வந்த சரக்குக்குத் தொகையைக் குறைக்கும் சீட்டு) 12 சதவீதத்திலேயே வந்து நின்றது. (அதே செப்டம்பரில் நாங்கள் வாங்கும் கிராஃப்ட் பேப்பருக்கு வரி 12-லிருந்து 18 ஆகிவிட்டது. 18 கொடுத்து வாங்கி, 5 வாங்கி விற்கிறோம். வாங்கும்போது கட்டிய வரியில் கழிக்க முடியாத மீதி, கிரெடிட்டாகச் சேர்ந்துகொண்டே போகிறது. அதற்கு எந்த சாஃப்ட்வேரிலும் பட்டன் கிடையாது.)

5 சதவீதம் வந்ததும் ஏழு வருடமாகப் புரோகிராமில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பூச்சி, அதாவது பிழை, எழுந்தது. 12,345 ரூபாய்க்கு இரண்டரை சதவீதம் 308.625. நாம் 308.63 என்போம், டேலியும் அப்படித்தான். ஆக்சஸுக்குள் புரோகிராம் எழுதும் மொழியான விபிஏ-வின் ரவுண்ட் 308.62 என்கிறது. சரிபாதியாக வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளுவது அதன் வழக்கம், வங்கிக்காரர் முறை என்பார்கள். இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? எங்கள் தொகை பெரும்பாலும் முழு ரூபாயில் வரும். அதற்கு 6, 9 சதவீதம் போட்டால் பைசாவோடு நின்றுவிடும். இரண்டரை போட்டால், தொகை ஒற்றைப்படையாக இருக்கும் போதெல்லாம் அரைப் பைசா வந்து நிற்கும். அக்டோபர் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு) போடும்போது ஆடிட்டர் கணக்குக்கும் எங்கள் கணக்குக்கும் எண்பது பைசா இடித்தது. எண்பது பைசாவுக்கு ஒரு நாள் முழுக்கத் தேடினேன். நூறால் பெருக்கி, அரை கூட்டி, முழு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, நூறால் வகுக்கிற சொந்த ஃபங்ஷன் இப்போது அந்த இடத்தில் இருக்கிறது.

தொகையை எழுத்தால் எழுதுவதையும் சொல்லியாக வேண்டும். நெட்டில் கிடைத்த புரோகிராம் லட்சத்தை 'ஹண்ட்ரட் தௌசண்ட்' என்று போட்டது. அதைத் திருத்தும்போது அப்பா, "அதத் தமிழ்லயே போட்டுரு கண்ணு" என்றார். விபிஏ எழுதுகிற ஜன்னலில் தமிழ் எழுத்து ஏறாது, கேள்விக்குறியாகத்தான் விழும். டேபிளில் ஏறும். அதனால் எண்ணுப் பெயர்களுக்கு ஒரு டேபிள். போட்டுப் பார்த்தால் 'ஆயிரம் தொள்ளாயிரம் அறுபது இரண்டு' என்று ஏலம் விடுகிற மாதிரி வருகிறது. நூறு தனியாக நின்றால் நூறு, பின்னால் சில்லறை வந்தால் நூற்று. ஆயிரம், ஆயிரத்து. தொண்ணூறு, தொண்ணூற்று. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு நெடுவரிசை வைத்து, பின்னால் ஏதாவது வருகிறதா என்று பார்த்து எடுக்கும்படி செய்தேன். 12,962-க்கு 'பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு' என்று சுத்தமாக வந்த அன்று அப்பா அந்த பில்லை இரண்டு தடவை படித்தார்.

பில்லுக்காகப் பண்ணினது, உண்மையில் அதிகம் உதவுவது வசூலுக்கு. சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், வாங்குகிறவர் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடக் கணக்கில்தான் கழித்துக்கொள்ள முடியும் என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்தது முதல், பெரிய கம்பெனிகள் எங்களிடம் உத்யம் எண் (சிறு நிறுவனப் பதிவு எண்) கேட்க ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை காலையில் ஒரு பட்டன்: 30 நாள் தாண்டிய பில்கள், கம்பெனி வாரியாக, பிஓ எண்ணோடு. பிஓ எண் இல்லாத பில்லைத்தான் அக்கவுண்ட்ஸ் மேசையில் ஓரமாகத் தள்ளி வைப்பார்கள் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. பிஓ எண்ணைக் கட்டாயம் ஆக்கினேன்.

குறை என்றால், போனில் பார்க்க முடியாது, விண்டோஸ் கம்ப்யூட்டர் வேண்டும். ஃபைல் 2 ஜிபி தாண்டக் கூடாது; எங்களுடையது இன்னும் 150 எம்பி கூட ஆகவில்லை. டேட்டா ஒரு ஃபைல், ஃபார்ம்கள் தனி ஃபைல் என்று பிரித்து வைப்பது அவசியம். வைஃபையில் ஓட்டவே கூடாது. வயர் இழுக்கச் சோம்பல்பட்டு நான் ஓட்டினேன், ஒரு மத்தியானம் டேட்டா ஃபைல் கெட்டது, காலை பேக்கப்பை வைத்து ஒன்பது பில் திரும்ப அடித்தோம். வருட வியாபாரம் 5 கோடி தாண்டினால் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிவது) கட்டாயம். நாங்கள் அதற்குக் கீழே. தாண்டுகிற அளவு வந்தால் இதை விட்டுவிட்டு ரெடிமேட் சாஃப்ட்வேர் வாங்குவேன், அந்த வேலையை ராத்திரி உட்கார்ந்து எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஏற்கெனவே அந்த அளவில் இருப்பவர்களுக்கும், வீட்டில் புரோகிராம் எழுத ஆள் இல்லாதவர்களுக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

ஆள் விஷயம்தான் எங்களுக்கும் உறுத்தல். 2023-இல் டெங்கு வந்து ஒன்பது நாள் படுத்துவிட்டேன். மூன்றாவது நாள் பழைய பிரிண்டர் போய்ப் புதுசு வந்தது, பில் பாதி தாளுக்கு வெளியே அடித்தது. யாருக்கும் சரி பண்ணத் தெரியவில்லை. அப்பா மேசை டிராயரைத் திறந்து, கரண்ட் இல்லாத நாளுக்கென்று வைத்திருந்த கை பில் புத்தகத்தை எடுத்தார். அதற்குத் தனி எண் வரிசை என்பதால் சிக்கல் இல்லை. கார்பன் வைத்து நாற்பதுக்கு மேல் எழுதினார், ஒன்றிலும் பிழை இல்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

அதற்கப்புறம் எங்கே எது இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் மார்ஜின் மாற்றுவது, புது வரி சேர்ப்பது எல்லாம் இப்போது அவரே பண்ணுகிறார். கை பில் புத்தகத்தில் பத்துத் தாள்தான் பாக்கி. இன்னொன்று அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார் அப்பா. நானும் சரி என்றுவிட்டேன்.