பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்கு எந்த டிரைவர்?

திரை திடீரென்று கறுத்துப்போகும், சில நொடியில் திரும்பி வரும், டிஸ்ப்ளே டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) நின்றுபோய் மீண்டுவிட்டது என்று ஓரத்தில் ஒரு செய்தி எட்டிப்பார்க்கும். கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் தானே டிரைவரை உலுக்கி எழுப்பும், விஸ்டா காலத்திலிருந்தே இப்படித்தான். டிரைவரைத் திட்டுவதற்கு முன் ஒன்று மட்டும் பாருங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் பயாஸ் திரையிலேயே கோடும் புள்ளியும் தெரிகிறதா? அங்கே டிரைவர் இன்னும் ஏறவே இல்லை, அதனால் கோளாறு கார்டிலோ கேபிளிலோ மானிட்டரிலோதான் இருக்கும், எந்த டிரைவரை மாற்றினாலும் அது போகாது.

பயாஸ் சுத்தமாக இருந்தால் மூன்று வழி இருக்கிறது.

விண்டோஸ் அப்டேட் தருகிற டிரைவர் நோகாமல் வேலை முடிக்க நினைப்பவர்களுக்கு. பிரவுசரும் வீடியோவும் போதுமென்றால் இதுவே போதும், கார்டின் கண்ட்ரோல் பேனல் சில சமயம் வராது, அவ்வளவுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கெட்டுப்போனால், டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' பட்டனை முதலில் அழுத்திப் பாருங்கள். பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை என்று அர்த்தம்.

தயாரிப்பாளர் கடைசியாக விட்ட டிரைவர்தான் என் தேர்வு. ஆனால் 'கடைசி' எது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். என்விடியாவின் ஜிடி 430 போன்ற ஃபெர்மி தலைமுறைக் கார்டுகளுக்கு 2018-இல் வந்த 391.35-ஓடு வழக்கமான டிரைவர்கள் நின்றுவிட்டன, ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையின் கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்கு 470 வரிசை டிரைவர்தான் கடைசி. ஏஎம்டி ஹெச்டி 5000, 6000 வரிசைக்கு கேட்டலிஸ்ட் 15.7.1, அதற்குப் பின் வந்த கிரிம்சன் 16.2.1 பீட்டாதான், அதாவது சோதனைப் பதிப்பு. நான் இரண்டில் 15.7.1 பக்கம், காரணம் மற்றது கடைசிவரை பீட்டாவாகவே நின்றுவிட்டது. இதைவிடப் புதியது ஒன்றை எங்கிருந்தோ இறக்கிப் போட்டால், பொருத்தமான ஹார்டுவேர் இல்லை என்று இன்ஸ்டாலரே கைவிரித்துவிடும்.

போடுகிற விதமும் முக்கியம். பழைய டிரைவரின் மிச்சம்மீதி கிடக்கும்போது அதன் மேலேயே புதியதை ஏற்றினால் பாதிப் பிரச்சினை அப்படியே இருக்கும், அதனால் சேஃப் மோடுக்குப் போய் டிடியுவை (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவி) ஓட்டித் துடைத்துவிடுங்கள். அப்புறம் நெட் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபை என்றால் அணைத்துவிடுங்கள். நான் ஒருமுறை இதை மறந்துவிட்டு, துடைத்து ரீஸ்டார்ட் செய்து இன்ஸ்டாலரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், திரை ஒருமுறை சிமிட்டி ரெசல்யூஷன் தானாகவே மாறியது. கொல்லைப்புறமாக அப்டேட் டிரைவர் வந்து உட்கார்ந்துவிட்டது! மறுபடி முதலிலிருந்து.

மூன்றாவது லினக்ஸ், இங்கே கார்டு யாருடையது என்பதுதான் எல்லாமே. பழைய ஏஎம்டி என்றால் தனியாக எதையும் இறக்க வேண்டாம், லினக்ஸின் மையமான கெர்னலோடு வரும் ரேடியான் டிரைவரும் மீசா என்ற கிராஃபிக்ஸ் மென்பொருளும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும், விண்டோஸில் தள்ளாடும் ஹெச்டி 5450-கூட இதில் ஒழுங்காக நடக்கும். பழைய என்விடியா என்றால் கதை வேறு. லினக்ஸோடு வரும் நூவோ என்ற திறந்தமூல டிரைவரில் படம் வரும், ஆனால் ஃபெர்மி கார்டுகளின் கிளாக் வேகத்தை அதனால் ஏற்ற முடியாது, பூட் ஆனபோது இருந்த வேகத்திலேயே கார்டு ஊர்ந்துகொண்டிருக்கும். என்விடியாவின் சொந்த 390 வரிசையை நம்பலாம் என்றால் அதற்கும் 2022-ஓடு ஆதரவு நின்றுவிட்டது, புதிய கெர்னலில் அதை ஓட வைக்க பேட்ச் (ஒட்டுத் திருத்தம்) தேடி அலைய வேண்டும். கெப்ளரில் நூவோவை வைத்துக் கையால் வேகத்தைக் கூட்டலாம், ஆனால் தினமும் புழங்கும் மெஷினில் எனக்கு அதற்குப் பொறுமை இல்லை.

எதுவும் உட்காரவில்லையென்றால் விண்டோஸின் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் இருக்கிறது. டைப் அடிக்கலாம், மெயில் பார்க்கலாம். ஆனால் வீடியோவைக் கார்டு தொடவே தொடாது, மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழும். முழுத்திரையில் ஒரு படத்தை ஓடவிட்டால் ஃபேன் கத்துவதே காட்டிக்கொடுக்கும்.