கம்பம் உரக்கடையில் வாங்கிய வேர்ப்பொடி

கூடலூரில் வீட்டு மாடியில் மிளகுக் கொடியின் தண்டை வெட்டி நட்டு நாற்று போடுகிறேன். அதற்காகக் கம்பத்து உரக்கடை ஒன்றில் வேர்ப்பொடி டப்பா வாங்கினேன். நூறு ரூபாய்க்குள் முடிந்தது. உள்ளே இருப்பது ஐ.பி.ஏ. என்கிற, வெட்டிய தண்டில் வேர்விடத் தூண்டும் ஹார்மோன். மிளகுக்கு 1000 பி.பி.எம். (லிட்டருக்கு ஒரு கிராம்) கரைசலில் 45 விநாடி முக்கி எடுப்பது வழக்கம். இது பொடி, ஈரமான வெட்டுமுனையில் தொட்டு, அதிகமானதைத் தட்டிவிட்டு நட்டால் சரி.

பொடி தொட்ட துண்டுகளில் வேர் கொத்தாக வந்தது. தொடாதவற்றில் நூல் மாதிரி ஒன்றிரண்டுதான். ஆனால் கொடியின் அடியில் ஓடும் தண்டை வெட்டுங்கள். காய்க்கிற பக்கக் கிளையை நட்டால் ஏறாது, புதர் மிளகாகத்தான் நிற்கும். அது பொடியின் குற்றமில்லை. செம்பருத்திக்கு இது வீண்செலவு, சும்மா குத்தினாலே பிடிக்கும்.

தொட்டிக்குப் பால் கவர், தென்னைநார்க்கழிவு, மணல். மேலே பாலித்தீன் தாள். அப்புறம் நிழல்.

குறை டப்பாவில்தான். மூடி இறுக்கமில்லை, சாரல் காலத்தில் பொடி கட்டிவிட்டது. காலாவதித் தேதி அச்சும் மங்கல். "ஃபிரிட்ஜில வச்சுக்கங்க தம்பி" என்றார் கடை அண்ணாச்சி. லேபிளில் அந்த வரி இல்லை. சின்ன டப்பாவே வாங்குங்கள்.