அப்புச்சிக்காக இறக்கிய படத் தொகுப்புகள்

அப்புச்சிக்கு, அம்மாவின் அப்பாவுக்கு, கண் பார்வை போய் மூன்று வருஷம் ஆகிறது. சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் படம் அனுப்பினால், "என்ன இருக்குதுன்னு சொல்லு கண்ணு" என்று போனை நீட்டுவார். நான் இருப்பது கோவையில். காங்கேயத்துக்கு ஞாயிறு மட்டும்தான் போக முடிகிறது. மற்ற நாளில் போனே பார்த்துத் தமிழில் சொல்லட்டும் என்று ஒரு மாடலை, அதாவது உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் கணினி நிரலை, பழக்க உட்கார்ந்தேன். படமும் அதில் இருப்பதைச் சொல்லும் வாக்கியமுமாகச் சேர்த்த தொகுப்புகள் அதற்கு வேண்டும். அப்படி நான் இறக்கிப் பார்த்தவற்றைப் பற்றியது இது.

முதலில் பிளிக்கர்8கே. சுமார் 8,000 படம், படத்துக்கு 5 வாக்கியம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓட்டலாம். ஆனால் நாய் ஓடும் படங்கள் ஏராளம். கை பழக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கோகோ. 2014இல் வந்தது, இன்னமும் இதற்கு ஈடாக ஒன்றை நான் பார்க்கவில்லை. 2017 பிரிவில் பழக்குவதற்கு மட்டும் 1,18,287 படம், 18 ஜிபி. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். படத்துக்கு 5 பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் "ஆள்" என்ற இடத்தில் இன்னொருவர் அவர் தொப்பியைச் சொல்கிறார். ஒரே காட்சியை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று மாடல் அங்கேதான் கற்கிறது. எழுதியவர்களுக்குக் கொடுத்த விதிகளும் தெளிவானவை: எட்டு வார்த்தைக்குக் குறையக் கூடாது, ஆட்களின் பேரைச் சொல்லக் கூடாது, முன்னால் நடந்ததையோ இனி நடக்கப்போவதையோ ஊகித்து எழுதக் கூடாது.

சிக்கல், படங்களில் பேர் போட்டுக் குறித்து வைத்திருக்கும் 80 வகைப் பொருள்களில். ஒட்டகச்சிவிங்கி உண்டு, பீட்சா உண்டு, பனிச்சறுக்குப் பலகை உண்டு. வெள்ளாடு இல்லை, தேங்காய் இல்லை. வாக்கியங்களும் ஆங்கிலம். அவற்றை இலவச மொழிபெயர்ப்பில் போட்டேன். பேஸ்பால் மட்டையைப் பிடித்த பையன் வௌவாலைப் பிடித்துவிட்டான்; ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "பேட்" என்றுதான் பேர். தமிழுக்கு இப்படி மொழிபெயர்த்துப் பழக்காதீர்கள். நான் ஒரு மாதம் இழந்தேன்.

கிராஸ்மோடல்-3600 என்று 2022இல் ஒன்று வந்தது. 3,600 படம், 36 மொழி, அந்தந்த மொழிக்காரர்கள் படத்தைப் பார்த்தே எழுதியது. தெலுங்கு இருக்கிறது, இந்தி, வங்காளம் இருக்கிறது, தமிழ் இல்லை. பட்டியலை இரண்டு தடவை தேடினேன், மனசு விட்டுப்போயிற்று. 2021இல் வந்த மார்வெல் தொகுப்பில் தமிழ் உண்டு, படங்களையும் தமிழர்களே தேர்ந்தது. ஆனால் அது இரண்டு படத்தைக் காட்டி ஒரு வாக்கியம் சரியா தவறா என்று கேட்கும் சோதனை. பழக்குவதற்கு ஆகாது. கடைசியில் மாடலைச் சோதிக்க அவசியம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோகோவில் பழக்கிய மாடலுக்குக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைப் படம் ஒன்றைக் கொடுத்தேன். "ஒரு மனிதன் மாட்டின் அருகில் நிற்கிறான்" என்றது. தப்பில்லை. அப்புச்சி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மாட்டின் நிறத்தையும் கொம்பையும் கேட்டார்: "மயிலையா, காரியா, செவலையா? கொம்பு எப்பிடி? அதச் சொல்லலியே சாமி."

அன்றிலிருந்து நாங்களே எழுதுகிறோம். கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு, கிளுவை வேலி, கட்டுத்தரை, சந்தை என்று நான் எடுத்த 300 படம். அம்மா, சித்தி, மாமன் பையன்கள் இருவர், நான், ஆக ஐந்து பேர், ஐந்து வாக்கியம். அமைப்பு அப்படியே கோகோவுடையது, பேர் சொல்லாத விதி உட்பட. ஊகிக்கக் கூடாது என்ற விதியில்தான் அப்புச்சியோடு வாக்குவாதம். காங்கேயம் கன்று செவலையாக, அதாவது சிவப்பாக, பிறந்து, ஆறு மாசம் போல நிறம் மாறும். "செவலைக் கன்று" என்று சித்தி எழுதியதைப் படித்துக் காட்டினேன். "இன்னும் மாறலைன்னு சேத்து எழுதச் சொல்லு" என்றார். சேர்த்துவிட்டேன்.