ஹார்மோன் பேலன்ஸ் பேக்கேஜ்: 37,400 ரூபாய் போச்சு, நீங்களாவது ஏமாறாதீர்கள்

நேற்று சாயங்காலம் அந்தக் கம்பெனியிலிருந்து பேசிய பையன் சொன்னது இது: "மேம், பாலிசிப்படி ரீஃபண்ட் கிடையாது. வேணும்னா உங்க பேக்கேஜை உங்க ஃபிரண்டு யாருக்காவது மாத்தித் தரோம்." நான் விழுந்த குழியில் இன்னொருத்தியையும் தள்ளிவிடச் சொல்கிறான். போனை வைத்த கையோடு எழுத உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஒரு வரிகூட உருப்படியாக வரவில்லை. இன்று லீவு போட்டுவிட்டு எழுதுகிறேன். போனது 37,400 ரூபாய்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். போனில் வரும் விளம்பரத்தைத் தொட்டால் "பெண்களின் ஹார்மோன் நல்வாழ்வு" என்று ஆரம்பிப்பார்களே, அந்த வகை ஆப். கடை கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, போய் நின்று சத்தம் போட ஒரு வாசற்படிகூடக் கிடையாது.

எனக்கு 47 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் 19 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். பில்லில் 18 ரூபாய் இடித்தால்கூட என் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவள் எப்படி விழுந்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இரண்டு வருஷமாகவே உடம்பு என் பேச்சைக் கேட்பதில்லை. பீரியட்ஸ் ஒரு மாதம் 20 நாளில் வரும், அடுத்தது 50 நாள் ஆகும். வந்தால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டும். ராத்திரி மூன்று மணிக்கு முதுகெல்லாம் நனைந்து எழுந்து உட்கார்ந்தால், அப்புறம் தூக்கம் கிடையாது. 61 கிலோ இருந்தவள் 68.5 ஆனேன். இத்தனைக்கும் சாப்பாடு அதே சாப்பாடுதான். ஜாக்கெட்டில் உள்தையலை இரண்டு முறை பிரித்துவிட்டாயிற்று. மூன்றாவது முறை தையல்காரப் பெண், "இனிப் பிரிக்கத் துணி இல்லீங்க்கா, புது அளவு குடுத்துடுங்க" என்றாள். அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் சொன்னால், "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே" என்று அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம். பெயரும் நம்பரும் கொடுத்த பத்தாவது நிமிஷம் ஒரு பெண் கூப்பிட்டாள். தன்னை "ஹார்மோன் கோச்" என்றாள். எடை எவ்வளவு, வயது எவ்வளவு என்றெல்லாம் அவள் ஆரம்பிக்கவில்லை. "அக்கா, நீங்க நல்லாத் தூங்கி எத்தனை நாள் ஆச்சு?" என்றாள்.

இதைத்தான் ஏமாந்த இடம் என்று சொல்வேன். இரண்டு வருஷத்தில் ஒருத்தர் என்னை அந்தக் கேள்வி கேட்கவில்லை. மொட்டை மாடியில் கொடிக்கம்பி அடியில் நின்றுகொண்டு முன்பின் தெரியாத பெண்ணிடம் முக்கால் மணி நேரம் பேசினேன், அழுதேன். "இது உங்க தப்பே இல்லக்கா, உங்க ஹார்மோன் தப்பு" என்றாள். எத்தனை பேரிடம் அதே வரியைப் படித்திருப்பாளோ. எனக்கு அது எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது.

முதலில் "முழு ஹார்மோன் பரிசோதனை" 7,500 ரூபாய். சீட்டு எடுத்த பணத்தில் ஜிபே பண்ணினேன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். ஒன்பது பக்க ரிப்போர்ட் வந்தது, பாதி சிவப்பு. "எஃப்.எஸ்.எச். 38 இருக்குக்கா, ஈஸ்ட்ரோஜன் கீழே கிடக்கு, எல்லாம் தாறுமாறு. இப்படியே விட்டா இன்னும் பத்து கிலோ ஏறும்." (எஃப்.எஸ்.எச். என்பது சினைப்பையைத் தூண்டுகிற ஹார்மோன், ஈஸ்ட்ரோஜன் சினைப்பை சுரக்கிற பெண் ஹார்மோன்.) அடுத்த மூச்சில், 90 நாள் பேக்கேஜ் 29,900 ரூபாய், எடை குறையாவிட்டால் பணம் வாபஸ், அந்தச் சலுகை இன்று ராத்திரி 12 மணி வரைதான். நான் தயங்கவும், வட்டியில்லாத் தவணை, ஆறு மாதம், மாதம் 4,984 என்றாள். ஓ.டி.பி. கேட்டாள், சொன்னேன். அந்த ஆறு எண்ணில் என் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் போட்டுவிட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தவணை என்றால் கடைக்காரனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது என்றுதான் நினைத்தேன். அவர்களுக்கு முழுப்பணமும் அன்றே போய்விட்டது. நான்தான் கடன்காரி.

பெட்டி வந்தது. ஒரு பவுடர் டப்பா, ஒரு மூலிகை டீ, முடிக்கும் தோலுக்கும் என்று மிட்டாய் மாதிரி ஒன்று. முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தது! கோச் வாட்ஸ்அப்பில் பட்டாசு வெடிக்கவிட்டாள். எனக்கு மட்டும் தினமும் காலையில் வயிறு பிய்த்துக்கொண்டு போனது. டீ பாக்கெட்டின் மடிப்புக்குள், எறும்பு எழுத்தில் போட்டிருந்ததைப் பிற்பாடு மகள்தான் படித்துச் சொன்னாள். சேர்மானப் பட்டியலில் இரண்டாவது பெயர் சென்னா. நம் நிலவாகைதான். மலச்சிக்கலுக்குச் சித்த வைத்தியர் கொடுக்கிற சூரணம். குறைந்தது கொழுப்பு இல்லை, வயிற்றுப்போக்கில் போன தண்ணீர். நாலாவது வாரம் 69 கிலோ. வாங்கும்போது இருந்ததைவிட அரை கிலோ கூட.

கேட்டால், "சாதம் சாப்பிட்டீங்களாக்கா?" சாப்பிட்டேன், ஒரு கரண்டி. "அதான்."

அதற்கடுத்த பீரியட்ஸ் 14 நாள் நிற்கவில்லை. கட்டி கட்டியாகப் போனது. பயந்துபோய்ச் செய்தி அனுப்பினேன். வந்த பதில் இன்னும் என் போனில் இருக்கிறது: "கழிவு வெளியேறுதுக்கா, நல்ல அறிகுறி. டீயை நிறுத்திடாதீங்க."

நல்ல அறிகுறியாம். கடையில் லெட்ஜரை எடுக்க எழுந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உடன் வேலை பார்க்கும் பெண்தான் ஆட்டோ பிடித்து ஒரு மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப் போனாள். கிளினிக்கில் ஃபீஸ் 400 ரூபாய். ஹீமோகுளோபின் 8.9, ரத்தச்சோகை.

அந்த டாக்டரம்மா ஒன்பது பக்கத்தையும் ஒரு நிமிஷத்தில் புரட்டினார். "45 வயசுக்கு மேல, பீரியட்ஸ் முன்னப்பின்ன வருது, வேர்க்குதுன்னு நீங்க வாயால சொன்னாலே போதுங்க, இது மாதவிடாய் நிக்கிறதுக்கு முந்தின காலம்னு தெரிஞ்சுடும். இந்த டெஸ்டே வேண்டியதில்லை" என்றார். அந்தக் காலத்தில் எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரோஜன் எல்லாம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்குமாம். இன்றைக்கு 38 காட்டினால் அடுத்த மாதம் 10 காட்டலாம். ஒரு நாள் எடுத்த நம்பரை வைத்து "பேலன்ஸ் பண்ணுகிறேன்" என்பதற்கு அர்த்தமே இல்லை. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதுவரைக்கும் ஊஞ்சல்தான்.

எடையைப் பற்றியும் கேட்டேன். வயது ஏற ஏறத் தசை குறைகிறது, தசை குறைந்தால் உடம்பு செலவழிக்கிற சக்தியும் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றில் வந்து உட்காருகிறது. தூக்கம் கெட்டால் பசி கூடுகிறது. அதனால் அதே சாப்பாடு என்றாலும் ஜாக்கெட் பிடிக்கத்தான் செய்யும். வேர்வைக்கும் தூக்கமின்மைக்கும் ஹார்மோன் மாத்திரை தருவது உண்டு, ஆனால் அது யாருக்கு ஆகும் ஆகாது என்று பார்த்துத்தான் தருவார்கள், உடம்பு இளைக்க அதைத் தருவதில்லை என்றார். அவர் இதைச் சொல்ல எடுத்துக்கொண்டது எட்டு நிமிஷம் இருக்கும்.

அப்புறம்தான் ஏழாம் பக்கத்தில் விரலை வைத்தார். டி.எஸ்.எச். 9.6. தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டுகிற ஹார்மோன் அது, தைராய்டு குறைந்தால் இது ஏறும். "இதை யாரும் உங்ககிட்டச் சொல்லலையா?" சொல்லவில்லை. சிவப்பில்தான் இருந்தது, அந்தக் கோச் அந்தப் பக்கத்தைத் திறக்கவேயில்லை. தைராய்டு சுரப்பது குறைந்தால் எடையும் கூடும், உதிரப்போக்கும் கூடும். அவர்கள் விற்கிற பொருளில் அதற்கு வழியில்லை, அதனால் அது பிரச்சினையே இல்லை!

உறுதிப்படுத்திக்கொள்ளப் பக்கத்து லேபில் மறுபடி எடுக்கச் சொன்னார். 2.1 வந்தது, நார்மல். எனக்கு ஒரு நிமிஷம், ஒருவேளை பேக்கேஜ் வேலை செய்துவிட்டதோ என்றுகூட ஓடியது (அவ்வளவு வெட்கங்கெட்ட நம்பிக்கை). டாக்டர், "முடிக்கு ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றார். பையிலிருந்து மிட்டாய் டப்பாவை எடுத்துக் காட்டினேன். பயோட்டின் என்கிற வைட்டமின், 10 மில்லிகிராம். உடம்புக்கு அது ஒரு நாளைக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் வேண்டும். சில லேப் மெஷின்கள் டெஸ்ட் பண்ணும் முறையிலேயே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எடுத்தேன்: 10.4. அவர்கள் விற்ற மிட்டாய் என் நோயையும் மறைக்கப் பார்த்திருக்கிறது. இதற்கும் சேர்த்துத்தான் 37,400 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

ஸ்கேன் எடுத்தாயிற்று, கர்ப்பப்பையில் உள்சவ்விலிருந்து சாம்பிள் எடுத்துப் பார்த்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை. இப்போது தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் போகிறது. மாத்திரை செலவு ஒரு மாதத்துக்கு ஒரு பட்டுச்சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிற காசுதான் ஆகிறது.

சரி, பணத்தைத் திருப்பிக் கேட்ட கதைக்கு வருகிறேன்.

கோச்சிடம் கேட்டேன். அன்றோடு அவள் நம்பர் என்னை பிளாக் பண்ணிவிட்டது. அக்கா, அக்கா என்று உருகியவள். ஆப்பில் எழுதினால் "உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது" என்று ஒரு டிக்கெட் எண், ஒரு சிரிக்கிற பொம்மை. நாலு டிக்கெட் வைத்திருக்கிறேன், நாலும் "தீர்க்கப்பட்டது" என்று மூடிக்கிடக்கின்றன. போன் பண்ணினால் "சீனியர் கோச் 24 மணி நேரத்தில் கூப்பிடுவார்". பதினோரு நாள் கழித்துக் கூப்பிட்ட சீனியர் சொன்னது: வாபஸ் வேண்டுமென்றால் 90 நாளும் காலை 7 மணிக்குள் எடை மெஷின் போட்டோவைப் போட்டிருக்க வேண்டும். நீங்கள் இரண்டு நாள் போடவில்லை.

எந்த இரண்டு நாள் தெரியுமா? பெரிய மாரியம்மன் கோயில் திருவிழாவில் கம்பம் எடுத்த அன்றும் அதற்கு அடுத்த நாளும். ஊரே மஞ்சள் தண்ணியில் நனைந்துகொண்டிருந்தது, நான் வீடு முழுக்க விருந்தாளிகளை வைத்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று போட்டோ எடுத்திருக்க வேண்டுமாம்.

நிதி நிறுவனத்தைக் கூப்பிட்டால், "பொருள் விஷயம் கம்பெனிகிட்டப் பேசுங்க, தவணை கட்டலைன்னா உங்க சிபில் ஸ்கோர் போயிடும்." கம்பெனியைக் கூப்பிட்டால், "கடன் விஷயம் அவங்ககிட்டப் பேசுங்க மேம்." பந்து அங்கும் இங்கும் போகிறது, நடுவில் வலை நான். இதுவரை மூன்று தவணை போயிற்று, இன்னும் மூன்று இருக்கிறது. ஒவ்வொரு 5ஆம் தேதியும் காலையில் முதல் மெசேஜ் அதுதான்.

வீட்டில் அவரிடம் முழுத் தொகையைப் போன வாரம்தான் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். டப்பாவை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். "இதுலயே போட்டிருக்கானே" என்று காட்டினார். அடியில், கருப்புக் கட்டத்துக்குள்: மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல. போனில் வைத்தியம் என்று விற்பான், டப்பாவில் உணவு என்று அச்சடிப்பான். பில் சரிபார்த்தே பிழைக்கிறவள், 37,400 ரூபாய்க்கு வாங்கிய டப்பாவின் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

டிப்ஸ் நிறைய எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், அதற்குள் மகள் சார்ஜருக்குச் சண்டை போடுகிறாள். அவசரத்துக்கு இவ்வளவுதான்: எடை திடீரென்று ஏறினால் முதலில் டி.எஸ்.எச். மட்டும் ஒரு லேபில் பாருங்கள், சில நூறு ரூபாய்தான். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே முடி மாத்திரையை நிறுத்துங்கள். உதிரம் அதிகமாகப் போனால் டாக்டர்தான், யார் "கழிவு" என்று சொன்னாலும் கேட்காதீர்கள். "இன்று ராத்திரி 12 மணி வரை" என்றால் போனை வையுங்கள். ஓ.டி.பி. எதற்கு என்று கேட்காமல் கொடுக்காதீர்கள், தவணை என்றால் அது யாரிடம் வாங்கிய கடன் என்று கேளுங்கள். ஏமாந்துவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசுகிறார்கள். ஆன்லைனில் விற்கிறவர்கள் நுகர்வோர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். ஐந்து லட்சத்துக்குள் உள்ள வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை.

புகார் எண் வாங்கியிருக்கிறேன். டப்பாக்களைக் குப்பையில் போட வேண்டாம், ஆதாரத்துக்கு வேண்டும் என்று மகள் சொல்லியிருப்பதால் அவை பீரோவுக்கு அடியில் கிடக்கின்றன. கூட்டும்போதெல்லாம் விளக்குமாறு போய் அதில் இடிக்கிறது.